மெல்லிசு மேஜை

அந்தத் தெருவில் அவருக்கு 'நானே' என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. குழாய் ஒழுகினால், "ஆள் எதுக்கு? நானே பாத்துக்கறேன்." கதவு தரையில் இழுத்தால், "நானே சீவிடறேன்." மகள் சின்னவளாக இருந்தபோது தலைமுடிகூட அவரே வெட்டிவிட்டார். ஒரு காதுக்கு மேலேயும் இன்னொரு காதுக்குக் கீழேயுமாக முடியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய் அழுதுகொண்டே திரும்பி வந்தது. "வளர்ற முடிதானே, இதுக்குப் போய்க் கடையில காசு குடுப்பாங்களா?" என்றார் நானே. முடி வளரத்தான் செய்தது. பிள்ளை மறக்கவில்லை.

அந்த வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் முதலில் பாடம் எடுத்தாக வேண்டும். வாசல் கதவை இடுப்பால் ஒரு தூக்குத் தூக்கித்தான் சாத்த முடியும். விளக்குக்கான பொத்தானைத் தட்டினால் மின்விசிறி சுற்றும். மின்விசிறிக்கான பொத்தானைத் தட்டினால் ஒன்றும் ஆகாது. சமையலறை அலமாரி இடதுபக்கம் சாய்ந்திருந்ததால், வெங்காயத்தை எங்கே வைத்தாலும் உருண்டு வந்து ஒரே மூலையில் கூட்டம் போட்டு நிற்கும். "தேடாம எடுக்கலாம் பாரு," என்பார். எதைக் கேட்டாலும் ஒரு பதில் கையில் வைத்திருப்பார் மனுஷன்.

பகல் வேலை அவருக்கு ஒரு கிடங்கில். லாரியிலிருந்து மற்றவர்கள் மூட்டை இறக்க, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "இதை அங்க போடு, அதை இங்க தள்ளு," என்று சொல்லி நிற்கிற உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே பென்சில் வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு கையில் அளவு நாடா, ஒரு கையில் மட்டம் பார்க்கிற ரசமட்டக் கட்டை. மனைவியும் மகளும் பழந்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் மனுஷனிடம் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கை நீட்டினவரும் கிடையாது. மிச்சம் பிடிப்பதெல்லாம் குடும்பத்துக்குத்தான் என்பார், அது பொய்யும் இல்லை. அப்படிப்பட்டவர் மேல் எந்த மூலையைப் பிடித்துக் கோபப்படுவது என்று அவர் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பிடிபடவில்லை.

அவள் தையல்காரி. கடைத்தெருவில் கல்யாண உடுப்பு தைக்கிற ஒரு கூடத்தில் வேலை. கீழ்த்தளத்தில் இயந்திரங்கள் கடகடவென்று ஓடும், மாடியில் கைவேலை. மாடியில் இரண்டு மேஜைகள். படிக்கட்டுப் பக்கம் இருட்டில் கிடப்பது தடிப்பு மேஜை. கோட்டு, திரைச்சீலை, சீருடைக்குப் பொத்தான் என்று முரட்டுத் துணியெல்லாம் அங்கே. ஜன்னல் பக்கம் இருப்பது மெல்லிசு மேஜை. மணப்பெண்ணின் உடுப்புக்கு விளிம்பு மடித்து, வெளியே ஒரு நூல் தெரியாமல் கையால் தைத்து முடிப்பவர்கள் அங்கே உட்காருவார்கள். கூலியும் அங்கேதான் கூட, மரியாதையும் அங்கேதான்.

மெல்லிசு மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் கை கழுவித் துடைத்ததும் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். மேஜைக்குத் தலைவியான பெரியக்கா கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டு வைத்திருப்பாள். அதற்குக் கைத்துணி என்று பேர். அதை ஒவ்வொருத்தியின் உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் மெதுவாக இழுப்பாள். வழுக்கிக்கொண்டு போனால் உட்காரலாம். எங்கேயாவது துளி பிடித்தாலும் போச்சு, அன்றைக்குத் தடிப்பு மேஜை. யாரும் திட்ட மாட்டார்கள், யாரும் கெஞ்சவும் மாட்டார்கள். அந்தத் துணி அவ்வளவு மெல்லிசு. சொரசொரத்த விரல் ஒருதரம் பட்டால் ஒரு இழை இழுபட்டு, குறுக்கே கோடு விழுந்துவிடும். அப்புறம் அதை எந்தப் பெண் போட்டுக்கொண்டு நிற்பாள்?

தையல்காரி அந்த மேஜைக்கு வந்த நாளிலிருந்து அவள் கையில் துணி பிடித்ததே இல்லை. அதற்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். படுக்கும் முன் கைக்குக் களிம்பு, காய் நறுக்கும்போது விரலில் துணிச்சுற்று. பாத்திரம் விளக்குவதை மகள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். "எங்கம்மா கை ராணி கை. கிட்ட வராதீங்க," என்று கேலியும் செய்வாள். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவாக இருந்த காலம் மலையேறிப்போய், இப்போது மருந்துக்கடையில் நின்று வேலை பார்க்கிற ஆள்.

மழைக்காலம் தொடங்கின சமயம் ஒரு மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது பெரியக்கா பேச்சை எடுத்தாள்.

"எனக்கு ஊசிக் காது தெரிய மாட்டேங்குதுடி. இந்த மழைக்காலத்துக் கல்யாணமெல்லாம் முடிஞ்சா நான் கிளம்பறேன்."

"என்னக்கா இப்படித் திடுதிப்புனு?"

"திடுதிப்பு என்ன, கண்ணு என்னைக் கேட்டுக்கிட்டா போகுது? முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டேன். ஜன்னலோரம் உனக்குத்தான்."

தையல்காரி எடுத்த கவளத்தைப் பாத்திரத்திலேயே வைத்தாள். ஜன்னலோரம் என்றால் தலைவி நாற்காலி. நல்ல வெளிச்சம், மாதச் சம்பளம், கைத்துணியை இழுக்கிற உரிமை. வாயைத் திறந்து கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்தபடியே எத்தனையோ வருஷமாக அவள் ஆசைப்பட்ட இடம்.

"சின்னவளும் நல்லாத்தானே தைக்கிறா?" என்றாள், மேஜையில் தனக்கு எதிரே உட்காருகிற இளையவளைக் காட்டி, கேட்க வேண்டுமே என்பதற்காக.

"தைக்கிறா. உன் தையல் வராது அவளுக்கு. உன் தையலைத் தேடினாலும் கிடைக்காது, அதான் தையல்." பெரியக்கா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "கையை மட்டும் பத்திரமா வச்சுக்க."

அந்தச் சந்தோஷத்தை மடியில் கட்டிக்கொண்டு அவள் வீடு வந்தபோது, குளியலறையில் நானே ஒரு பெயர்ந்த டைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுவரில் ஈரம் ஊறி டைலெல்லாம் உப்பிப் பெயர்ந்திருந்தது. பின்னால் ஒரு கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கூலியைச் சொன்னதும் நானே பெரிய நகைச்சுவை கேட்டதுபோல் சிரித்தார்.

"ஏம்ப்பா, இந்தச் சுவத்தைத்தானே சொல்ற? இல்ல, தெருவையே கட்டித் தரப் போறியா?"

"சார், உள்ள ஊறியிருக்கு. மொத்தமா உடைச்சுத்தான் பண்ணணும். ரெண்டு ஆள் வேலை."

"ரெண்டு ஆள்தானே? வீட்டுலயே இருக்காங்க, போ."

கொத்தனார் தையல்காரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து அவள் பேசினாள்.

"ஏங்க, இந்த ஒரு வேலைய ஆளை வச்சுப் பண்ணிடலாம். என் சம்பளத்துலேருந்து குடுக்கறேன்."

"உன் சம்பளம் என் சம்பளம்னு எப்பலேருந்து பிரிச்ச?"

"பிரிக்கல. எங்க மேஜைப் பெரியக்கா வேலைய விட்டுக் கிளம்பறாங்க. ஜன்னலோரம் எனக்குன்னு சொல்லிட்டாங்க. இப்பப் போய்க் கையில சிமெண்ட் பட்டா..."

"அட, அப்படியா! பாப்பா, கேட்டியா, அம்மா பெரிய ஆளாயிட்டா!" உண்மையிலேயே அவருக்குச் சந்தோஷம்தான். முகமெல்லாம் பல். "அப்ப வீடும் அதுக்கேத்த மாதிரி இருக்க வேணாமா? கைக்கு உறை போட்டுக்க. முடிஞ்சுது."

"சரி, நல்ல ரப்பர் உறையா வாங்கிட்டு வாங்க."

"எங்க கடையிலயே தொங்குது. நான் எடுத்துட்டு வரேன்," என்றாள் பாப்பா.

நானே மகளை மேலும் கீழும் பார்த்தார். "ஊருக்கே உடுப்பு தைக்கிறவ வீட்டுல இருக்கா. உறைய வெளிய வாங்கினா ஊர் சிரிக்கும். அந்தக் கிழிஞ்ச குடைத்துணி கிடக்கு பாரு பரண்ல, மழைக்கே அசராத துணி. உங்கம்மா தச்சா கம்பெனிக்காரன் பிச்சை வாங்கணும்."

இங்கேதான் தையல்காரி ஏமாந்தாள். அவர் அவளுடைய தையலைப் புகழ்வது வருஷத்துக்கு ஒருதரம் நடந்தால் பெரிது. அது காதில் விழுந்ததும் மூளை கழன்றுவிட்டது அவளுக்கு. குடைத்துணியை உதறி, தன் கையை வைத்து வரைந்து, விரல் விரலாக வெட்டினாள். தண்ணீர் புகக் கூடாது என்று நெருக்கி நெருக்கித் தைத்தாள். ஒரு வரிசை போட்டது போதாதென்று அதன்மேல் இன்னொரு வரிசை. மெல்லிசு மேஜையில்கூட அவள் அவ்வளவு நெருக்கமாகத் தைத்ததில்லை. மகளுக்கும் ஒரு ஜோடி தைத்தாள். முடித்துப் போட்டுப் பார்த்தபோது, கறுப்பாக, கச்சிதமாக, கடையில் வைத்தால் விலை போகும்படி இருந்தது.

"உங்களுக்கும் ஒரு ஜோடி தைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுக்கு? உறைய மாட்டிக்கிட்டா ரசமட்டம் பிடிக்க வராது," என்றார் நானே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மழை. ஓயாத மழை. ஜன்னலைத் திறக்க முடியாமல் குளியலறைக்குள் மூன்று பேரும் அடைந்து கிடந்தார்கள். பழைய டைலை உடைத்து, சாக்கில் வாரி, பின்வாசலில் கொட்டிவிட்டு வந்தாள் பாப்பா. தையல்காரி குந்தியபடி சட்டியில் மணலையும் சிமெண்டையும் கலந்தாள். நானே சுவரில் பென்சிலால் கோடு கிழித்து, ரசமட்டத்தை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி. ம்ம்... போதும் போதும். இப்ப அள்ளி அப்பு. கரண்டிய விடு, கையால அமுக்கு. கரண்டி மேலாகத்தான் போகும், கை உள்ள இறங்கும்."

"கை நனையுதுங்க."

"மழைக்கே அசராத துணி அது. வேர்த்திருக்கும்."

உறைக்குள்ளே ஈரம் இருந்தது நிஜம். முதலில் அவளும் வேர்வை என்றுதான் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் கை வெதுவெதுவென்று ஆயிற்று. மழைக் குளிருக்கு அது இதமாகக்கூட இருந்தது. அப்புறம் அரிப்பு. கழற்றிப் பார்க்கலாம் என்று அவள் எழுந்தபோது நானே பதறினார்.

"ஏய் ஏய், இப்ப எழுந்தா எல்லாம் இறுகிப்போயிடும்! போட்ட காசெல்லாம் பாழ். இந்த வரிசை முடியட்டும்."

அந்த வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. மத்தியானம் ரொட்டியும் முட்டையும். அதையும் அவர் பிய்த்து இரண்டு பேர் வாயிலும் ஊட்டிவிட்டார், உறையைக் கழற்றி மாட்ட நேரம் போகுமே என்று. பாப்பா மென்றுகொண்டே சொன்னாள், "கிடங்குல மாட்டுக்குத் தீனி போடறதும் நீங்கதானாப்பா?" நானே விழுந்து விழுந்து சிரித்தார். தையல்காரிக்கும் சிரிப்பு வந்தது. சொன்னால் சொல்ல வேண்டும், அந்த நேரம் வீடு சந்தோஷமாகத்தான் இருந்தது.

டைல் சந்துகளில் வெள்ளைச் சிமெண்டை விரலால் தேய்த்து முடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. உறையை உருவினாள். உருவ வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. பாப்பா இழுத்துக் கழற்றினாள். உள்ளே விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நகத்தோரம் சாம்பல் நிறச் சேறு. அதைப் போக்க நானே ஓடிப்போய் மண்ணெண்ணெய் எடுத்துவந்து ஊற்றினார். அவள் 'அம்மா' என்று கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் கை தக்காளி நிறத்துக்குச் சிவந்து, விரல் நுனிகளில் தோல் காய்ந்து வெடித்திருந்தது. பாப்பாவுக்கு அவ்வளவு மோசமில்லை. பாதி நேரம் அவள் சாக்கு சுமந்துகொண்டு வெளியே இருந்தாள். அம்மாவின் கையைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் பொங்கிற்று.

"சிமெண்ட் தண்ணி உள்ள போய் வெளிய வராம நாள் முழுக்க ஊறியிருக்கு. வெறுங்கையா செஞ்சிருந்தாலாவது கழுவியிருப்பே. டாக்டர்கிட்ட போலாம் வா."

"டாக்டர் என்ன பண்ணுவாரு? எண்ணெய் தடவச் சொல்லுவாரு. அதை நானே சொல்றேன்," என்றார் அப்பா.

அதற்குள், முந்தின சாயங்காலம் கூச்சல் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நானே அவரை உள்ளே அழைத்துப்போய்க் குளியலறையைத் திறந்து காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், தையல்காரியின் கையைப் பார்த்தார்.

"என்னங்க, அம்மா கை இப்படி ஆயிருக்கு?"

"அதுவா? உறை போட்டுத்தான் செஞ்சா. தையல் சரியில்ல போல, தண்ணி இறங்கிடுச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து காட்டப் போய்விட்டார். தையல்காரி அடுப்படியில் நின்றபடி அதைக் கேட்டாள். கை எரிந்தபோதுகூட அவளுக்கு இப்படி எரியவில்லை. உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையல் ஒன்றுகூட விலகவில்லை. ஊசி இறங்கின ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஊசி இறங்கினால் ஓட்டைதானே? நெருக்கித் தைக்கத் தைக்க ஓட்டை கூடும். சட்டைக்கு அது அழகு. தண்ணீருக்கு அது சல்லடை. ஊசி பிடிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? நல்ல தையலாகப் போட்டதால்தான் கை இவ்வளவு வெந்தது என்பதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அன்றைக்கு வரிசையில் நின்றபோது, கைத்துணி அவள் சுட்டுவிரலைத் தாண்டவில்லை. பெரியக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கட்டைவிரலில் இழுத்தாள், அங்கேயும் பிடித்தது.

"என்னடி பண்ணின?"

"வீட்டுல கொஞ்சம் வேலைக்கா."

"என்ன வேலை? மலையா உடைச்ச?"

தையல்காரி தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். சீருடைச் சட்டை மலைமாதிரிக் குவிந்து கிடந்தது. பொத்தான் வைத்தாள். ஜன்னல் பக்கத்திலிருந்து சின்னவளின் சிரிப்புச் சத்தம் கேட்டால் தன்னைப் பற்றித்தானோ என்று இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் தடிப்பு மேஜையில்தான். பாப்பா மருந்துக்கடையிலிருந்து களிம்பு கொண்டுவந்தாள். "தண்ணி படாம, எதுவும் படாம மாசக்கணக்குல இருக்கணுமாம்மா. எங்க கடைக்கு வர்ற டாக்டரே சொன்னாரு." மாசக்கணக்கா? மாசக்கணக்கு ஆனால் மழை நின்றுவிடும். கல்யாணங்கள் முடிந்துவிடும். பெரியக்கா போய்விடுவாள்.

வார முடிவில் பெரியக்கா படிக்கட்டுப் பக்கம் வந்தாள். "நாளன்னிக்குக் கல்யாணத்துக்கு உடுப்பு ஒண்ணு கிடக்கு. விளிம்பே ஒரு தெரு நீளம். நீ இல்லாம முடியாது. முதலாளியம்மா நாளைக்கு மேல வராங்க, நாற்காலி யாருக்குன்னு அப்பவே பேசிடுவாங்க. கை எப்படி இருக்கு?"

"நாளைக்குச் சரியாயிடும்கா," என்றாள் தையல்காரி.

எப்படிச் சரியாகும்? ஆளெதற்கு, டாக்டரெதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த வியாதி ஒட்டியிருந்தது. காலையில் எழுந்ததும் அவருடைய சாமான் பெட்டியைத் திறந்தாள். கதவு தேய்க்க வைத்திருந்த உப்புத்தாளை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, விரல் நுனி ஒவ்வொன்றையும் தேய்த்தாள். செத்த தோலெல்லாம் மாவாக உதிர்ந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நிற்கத் தேய்த்தாள். மேலே களிம்பு தடவித் துடைத்தாள். கை பளபளவென்று, பிறந்த குழந்தையின் கைபோலச் சிவந்திருந்தது.

கைத்துணி வழுக்கிக்கொண்டு போனது. பெரியக்கா முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதானே! உட்காரு, உட்காரு." முதலாளியம்மா பின்னால் நின்று தலையசைத்தார்.

மத்தியானம்வரை அவள் தைத்தாள். அவ்வளவு நாள் பட்டினிக்குப் பிறகு அந்தத் துணி கையில் பட்டது அவளுக்குச் சோறு கிடைத்ததுபோல இருந்தது. விளிம்பு ஓடிக்கொண்டே போயிற்று, தையல் எங்கேயென்று அவளுக்கே தெரியாமல். விரல் நுனி சுருக் சுருக்கென்றது. ஊசியை அழுத்தி இழுக்கும்போது கொஞ்சம் கூடவே. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உருவின ஊசியைத் தூக்கியபோது எதிரே இருந்த சின்னவள், "அக்கா, அக்கா!" என்று கத்தினாள்.

வெள்ளைப் பட்டில், மணப்பெண்ணின் முழங்காலுக்கு நேராக, மூன்று இடத்தில் ரத்தம்.

பெரியக்கா பாய்ந்து வந்து துணியைப் பிடுங்கினாள். "எச்சில் வை! உன் எச்சிலை வை!" குத்துப்பட்டவளின் ரத்தத்துக்கு அவளுடைய எச்சில்தான் மருந்து என்பது தையல்காரிகள் கைப்பாடம். நூலைச் சுருட்டி வாயில் போட்டு நனைத்து, ஒற்றி ஒற்றி எடுத்தாள் தையல்காரி. வாய் உலர்ந்து எச்சில் வரவில்லை. புள்ளி இளஞ்சிவப்பாக மாறி, அதற்குமேல் போக மறுத்தது. ஒற்ற ஒற்ற, விரலிலிருந்து புதிதாக இன்னொன்று விழுந்தது.

முதலாளியம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "தேய்ச்சியா?"

"ஆமாம்மா."

"எதால?"

சொன்னாள். கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"நாளைக்குக் காலையில ஒரு பொண்ணு இதைப் போட்டுக்கிட்டு நிக்கணும். இந்த முன்பக்கம் முழுக்க வெட்டி எடுத்துட்டு வேற வைக்கணும். கை சரியில்லன்னா சொல்ல வேண்டியதுதானே? ஒரு மாசம் பொறுத்திருக்க மாட்டேனா உனக்கு?" முதலாளியம்மாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "ரத்தம் வர்ற கை எந்தத் துணியிலயும் படக்கூடாது. தடிப்பு மேஜையும் வேணாம். வீட்டுக்குப் போ."

"எப்ப வரட்டும்மா?"

முதலாளியம்மா பெரியக்காவைப் பார்த்து, "சின்னவளை ஜன்னலோரம் உட்கார வை. வெளிச்சம் வேணும் இதுக்கு," என்றார்.

சின்னவள் எழுந்தாள். தையல்காரியின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண்மேல் என்ன தப்பு? வேலை கிடக்கிறது.

படிக்கட்டில் பாதி இறங்கினபோது பெரியக்கா பின்னாலேயே வந்தாள். சேர்த்து வைத்திருந்த ஏச்சையெல்லாம் கொட்டப் போகிறாள் என்று நினைத்தாள் தையல்காரி. பெரியக்கா அவள் பைக்குள் எதையோ திணித்தாள்.

"பழைய கைத்துணி. புதுசு வெட்டிக்கறேன். தினம் வீட்டுல இழுத்துப் பாரு. வழுக்கினா வந்து என்னைப் பாரு. நான் அதுவரைக்கும் இருக்க மாட்டேன்தான்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "பாவி, உன் கைக்கு நீயே எமனாயிட்டியேடி."

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. நானேவுக்கு அன்றைக்கு அரைநாள் வேலை. குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சுவரை ரசித்துக்கொண்டிருந்தார். தரையின் சாய்வு தப்பிப்போய், தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. பாப்பா பழந்துணியை அணைபோல வைத்துத் தண்ணீரைத் துடைப்பத்தால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட?"

தையல்காரி சுவரில் சாய்ந்து நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். உப்புத்தாளைச் சொன்னாள். ரத்தத்தைச் சொன்னாள். ஜன்னலோரத்தில் சின்னவள் உட்கார்ந்ததைச் சொன்னாள். பாப்பா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நானே முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டார். அதில் வருத்தம் இருந்தது, அதையும் இல்லையென்று சொல்லக் கூடாது.

"போனாப் போகுது விடு. எத்தனை வருஷமா மாடா உழைச்ச, கடைசியில தூக்கி எறிஞ்சுட்டாங்க பாரு. நமக்குன்னு வீடு இருக்கு." முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒரு விதத்துல நல்லதாப் போச்சுன்னு வச்சுக்கயேன். இனிமே ஞாயித்துக்கிழமைக்காகக் காத்துக் கிடக்க வேணாம். சமையலறைச் சுவரும் ஊறித்தான் இருக்கு. கை கொஞ்சம் ஆறட்டும். காலையில நான் கோடு போட்டுக் குடுத்துட்டுப் போறேன், பகல்ல நீ மெதுவா உடைச்சு வை. ஆள் கூலியே இல்லாம முடிச்சுடலாம்."

"அப்பா!" என்றாள் பாப்பா.

"நீ இரு. என்ன, அந்தக் கையுறைய மட்டும் இந்தத் தடவை நல்லா நெருக்கித் தச்சுடு."

தையல்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. பைக்குள் கையை விட்டு வெள்ளைத் துண்டை எடுத்தாள்.

"பாப்பா, கையைக் கொண்டா."

பாப்பா ஒன்றும் புரியாமல் நீட்டினாள். தையல்காரி கைத்துணியை அவள் உள்ளங்கையில் வைத்து மெதுவாக இழுத்தாள். நடுவிரலில் பிடித்தது. சுண்டுவிரலில் பிடித்தது. தன் கையில் வைத்தாள். வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"நீங்களும் கொண்டாங்க."

"என்ன, கைரேகை பாக்கப் போறியா?" நானே சிரித்துக்கொண்டே வலதுகையை விரித்து நீட்டினார்.

மணிக்கட்டில் வைத்து இழுத்தாள். உள்ளங்கையைத் தாண்டி, விரல் மேடுகளைத் தாண்டி, ஐந்து விரல் நுனியையும் தாண்டிக் கைத்துணி வழுக்கிக்கொண்டு போயிற்று. நம்பாமல் இன்னொரு தரம் இழுத்தாள். இடதுகையை வாங்கி அதிலும் இழுத்தாள். பென்சில் பிடிக்கிற விரலில்கூட எங்கேயும் ஒரு இழை நிற்கவில்லை. மெல்லிசு மேஜையில் அவ்வளவு வருஷம் உட்கார்ந்தவள், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன சொல்லுது துணி?" என்றார் நானே, இன்னும் சிரிப்பு போகாமல்.

"வழுக்குது," என்றாள் தையல்காரி. கைத்துணியை மடித்து அவருடைய விரித்த கையில் வைத்தாள். "நாளைக்கு நீங்க போங்க. உங்க கைக்கு ஜன்னலோரமே குடுப்பாங்க."

அணைத்துணியைத் தாண்டி வந்த தண்ணீர் அவர் காலடியில் தேங்கத் தொடங்கியிருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.